நெஞ்சைக் கேட்டவர்கள் வயிற்றைக் கேட்கவில்லை

அம்மா, வலப்பக்கம் இதயம் இருக்கிற மனிதரை நேரிலேயே பார்த்துவிட்டேன்! உன் முட்டிவலி தேவலையா?

வீடியோவில் பார்த்துப் பைத்தியமாய்த் திரிந்தேனே, அதேதான். உள்ளுறுப்பெல்லாம் பக்கம் மாறியவர். ஆனால் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அவர் சட்டையைக் கழற்றவைத்து எங்கள் மருத்துவ வகுப்பே வரிசையாக நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்தது.

"வலி வயித்துல சார், நெஞ்சுல இல்ல," என்றார் அந்த மனிதர்.

"பொறுங்க, இன்னும் நாலு பேருதான்," என்றார் பேராசிரியர்.

அவர் என்ன பொருட்காட்சியா? குளிரில் நடுங்கினார். நீ கொடுத்த சால்வையைப் போர்த்தி, எங்கே வலி என்று கேட்டேன்.

"இப்பதாம்மா நீ ஒருத்தி கேக்குற," என்று இடப்பக்க அடிவயிற்றைத் தொட்டார். நமக்கு வலப்பக்கம் இருக்கும் குடல்வால் அவருக்கு அங்கேதான். குடல்வால் வீங்கியிருக்கலாம் என்று நான் கத்திய பிறகுதான் பேராசிரியர் திரும்பினார். இப்போது அறுவை சிகிச்சை முடிந்து அந்த மனிதர் நலமாக இருக்கிறார்.

சால்வை அவரிடமே இருக்கட்டும். நீ போர்த்திக்கொள்ளும் பழசை அனுப்பு, துவைக்காமல். அப்பாவுக்கும் படித்துக் காட்டு. நான் கத்தியது சரிதானே? இரண்டு பேரும் பதில் போடுங்கள்.