அக்கா அழித்த தண்ணீர்

இந்தத் தாள் யார் கையில் கிடைத்தாலும் கெஞ்சிக் கேட்கிறேன், யாரிடமும் காட்டாதீர்கள். முக்கியமாக என் அப்பாவிடம். இது செத்துப்போன என் அக்காவுக்கு எழுதியது.

அக்கா, உன் லேப்டாப்பைத் திறந்தால் இன்னும் உன் தேங்காயெண்ணெய் வாசனை வருகிறது. உள்ரூமில் போர்வைக்குள் அதன் வெளிச்சத்தில் இந்தத் தாளில் எழுதுகிறேன். காலையில் உன் காலேஜ் சார் வந்து லேப்டாப்பை எடுத்துப் போய்விடுவார்.

இதே பாயில்தான் நீ எனக்குப் படம் காட்டுவாய். டி.பி. கிருமியின் புரதம், அதில் ஒரு பள்ளம். அங்கே லேசாக ஒட்டுகிற சின்ன மூலக்கூறுத் துண்டுகளைக் கம்ப்யூட்டரில் தேடுவாய். பக்கத்துப் பக்கத்தில் உட்காரும் இரண்டைப் பாலம் போட்டு இணைத்தால் மருந்தாகலாம் என்பாய். கம்ப்யூட்டரில் அதை ஓட்டிப் பார்க்க எனக்கும் சொல்லிக்கொடுத்தாய். நீ இணைத்த ஒன்று கெட்டியாக ஒட்டியது. ராயபுரத்துக்கே கேட்கிற மாதிரி கத்தினாய். சாரிடம் கொடுத்தும்விட்டாய்.

அடுத்த வாரம் அம்மாவுக்கு விளக்கினாய். "மொதல்ல கம்ப்யூட்டர்ல அந்தப் பள்ளத்துல கீற தண்ணி மூலக்கூறுங்கள, தண்ணிய எல்லாம் அழிச்சிட்டுத்தாம்மா தேடுவோம்."

"இன்னாது, தண்ணிய அழிப்பியா? ஒரு கொடத்துக்கு நான் லாரி பின்னால ஓடிக்கினு கீறேன்! அது எதுக்குக் கீதுன்னு பாத்தியாடி?"

நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

அன்றிரவே உனக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாலம் போற எடத்துலதான்டி ஒரு தண்ணி குந்திக்கினு இருந்துச்சு. அத்த திரும்ப வெச்சு ஓட்டிப் பாரு. தப்புன்னா சார்கிட்ட சொல்லிடு" என்றாய்.

நான் ஓட்டிப் பார்க்கவும் இல்லை, சாரிடம் சொல்லவும் இல்லை. உன் முப்பதாம் நாள் பூசைக்கு வந்த சார், அந்த மருந்தை லேபில் செய்து பார்க்கப் போவதாகச் சொன்னார். அன்றுதான் அப்பா மறுபடி ஒழுங்காகச் சோறு சாப்பிட்டார். ஹார்பரில் பார்க்கிறவர்களிடமெல்லாம், "எம் பொண்ணு மருந்து கண்டுபுட்சிக்கிறா மாமு" என்கிறார்.

இன்று ஓட்டினேன். தண்ணீரைத் திரும்ப வைத்ததும் உன் மருந்து பள்ளத்தை விட்டு வெளியே நிற்கிறது. மூன்று தடவையும் அப்படித்தான். துண்டுகள் மட்டும் தனித்தனியாகத் தம் இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன. பாலம்தான் தப்பு, அக்கா.

நீ இருந்திருந்தால், "நைனாகிட்ட நான் பேசிக்கிறேன், நீ தூங்குடி" என்றிருப்பாய். அதைக் கேட்டுத் தூங்க வேண்டும்போல் இருக்கிறது.

சாருக்கு எழுதிவிட்டேன்: 'இந்தத் தப்பைக் கண்டுபிடித்ததும் அக்காதான்.' ஆனால் அப்பாவுக்கு அது சார் வாயால் தெரியக்கூடாது. அதற்கு முன்னால் நானே

அப்பா கதவைத் தட்டுகிறார். "இன்னாம்மா, இன்னும் முழிச்சிக்கினு கீற?"

லேப்டாப்பை மூடவில்லை, அக்கா. கதவைத் திறக்கப் போகிறேன்.