அட்டை கேட்காத போலீஸ்

தின்கன்ஜூன், ரங்கூன்
வெள்ளிக்கிழமை

அன்பு மகன் ரிஹானுக்கு உம்மாவின் ஸலாம். வாப்பாவும் நானும் உன் தங்கச்சி ஸமீராவும் படைத்தவன் கிருபையால் சுகம், நீயும் அப்படியே இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறோம். போனில் என்றால் வாப்பா பக்கத்திலேயே நிற்கிறார், எனக்குப் பேச்சு வருவதில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

அங்கே அமெரிக்காவில் உன் பக்கத்து வீட்டு மரியாவை அவள் கடைக்குள் புகுந்து ஒருவன் அடித்ததை நீ பார்த்தாய், கோர்ட்டில் சாட்சி சொல்லக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று கேட்ட நாளிலிருந்து வாப்பாவுக்கு நிம்மதி இல்லை. உன் விசா இன்னும் புதுப்பித்து வரவில்லை, போலீஸ் பக்கமே போகாதே என்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது, இங்கே போலீஸ், வார்டு ஆபீஸ், இமிகிரேஷன் எல்லாம் நமக்கு ஒரே வாசல்தானே. சைக்கிள் காணாமல் போனதைச் சொல்லப் போனாலும் முதலில் மப்பொந்தின் அடையாள அட்டையை எடுத்து நீட்டுகிறோம். அதே நினைப்பில்தான் நம் குடும்பப் பட்டியலை நகல் எடுத்து, முத்திரையும் வாங்கி, அமெரிக்கப் போலீஸ் கேட்டால் காட்டச் சொல்லி, அங்கே வந்த ஜுல்ஃபிகர் மாமாவிடம் கொடுத்தனுப்பினார். நீ காட்டியபோது அங்கிருந்த போலீஸ்காரர் பர்மிய எழுத்து வட்ட வட்டமாக அழகாக இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்தாராமே, ஸமீரா இரண்டு நாள் சிரித்தாள்.

எனக்கு நீ எழுதிய மற்றதுதான் மனசைவிட்டுப் போகவில்லை. இமிகிரேஷனுக்கு ஆள் பிடித்துக் கொடுத்தால்தான் உங்கள் ஊர் போலீஸுக்குப் பணம் என்று மத்திய அரசு சொன்னதும், நகரசபை கூடி அந்தப் பணமே வேண்டாம் என்று ஓட்டுப் போட்டதும். போலீஸ் தலைவியே எழுந்து, “அடிபட்டவள் எங்களைக் கூப்பிடவே பயந்தால், புது வண்டி வாங்கி எந்த வீட்டுக்கு ஓட்டிப் போவது?” என்று கேட்டாராமே. தன் இலாகாவுக்கு வருவதைத் தானே மறுக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும். ஸ்கூல் நோட்டுகளைத் திருத்தாமல் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். மரியாவிடம் அந்த நாட்டில் தங்கப் பேப்பர் ஒன்றும் இல்லை, ஆனாலும் போலீஸுக்குப் போன் செய்தாளே, இந்த மாதிரி மனுஷர்களை நம்பித்தானே.

வாப்பாவுக்கும் படித்துக் காட்டினேன். அடுத்த வருஷம் அவர்கள் மனசு மாறினால் இவன் பெயர் போலீஸ் ஏட்டில் எழுதியிருக்குமே என்றார். பயம் எனக்கும்தான். ஆனால் நீ போகாவிட்டால் அந்தப் பெண் தனியாக நிற்பாள். இருபத்தாறு வருஷத்தில் வாப்பா சொல்லுக்கு எதிராக நான் ஒன்றும் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன், போய்ச் சொல்லிவிட்டு வா. பார்த்ததை மட்டும் சொல், பார்க்காததைக் கேட்டால் தெரியாது என்று சொல். விசா விஷயத்தை முன்னதாகவே வக்கீலிடம் கேட்டுவிட மறக்காதே. அல்லாஹ் உன்னைக் காப்பானாக. இந்தக் கடிதத்தை வாப்பாவிடம் படித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்புவேன்.

உன் உம்மா,
சைதா