கோதுமைக் கோபுரத்தில் நாம் கொன்ற ஆள்

நம் ப்ராஜெக்ட் ஃபைல் என் மேசை மேல் திறந்து கிடக்கிறது. போன வாரம் உன் அம்மா கொடுத்தார்கள். "ரெண்டு பேரும் சேந்து எழுதுனது, ஒங்கிட்டயே இருக்கட்டும்மா" என்றதோடு உள்ளே போய்விட்டார்கள். அட்டையில் நீ ஒட்டிய சாக்குத் துண்டிலிருந்து இன்னும் மக்கின தவிட்டு வாசனை வருகிறது. மூன்றாம் பக்க ஓரத்தில், நான் அதுவரை பார்த்திராத உன் பென்சில் எழுத்து: "இதை அவரிடம் சொல்லிவிட வேண்டும்."

நீ போய் மூன்று மாதம் ஆகிறது. இப்போதும் என்னை வேலை வாங்குகிறாய்.

வரலாறு எனக்கு எப்போதும் வரல, ஆறுதான். போன பரீட்சையில் வாங்கிய மார்க்கும் ஆறு. அதனால்தான் டீச்சர், "உள்ளூர்ல ஒரு பழைய கட்டடம், நாலு பக்கம், கண்காட்சியில நீங்க ரெண்டு பேருந்தான் பேசணும்" என்று நம் தலையில் கட்டினார். ராஜபாளையத்தில் மில் என்றால் நூல். கோதுமைக்கும் ஒரு மில் இருந்தது என்பதே நமக்குப் புதுசு. ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் பஸ்ஸில் போகும்போதெல்லாம் பார்த்த அந்தச் செங்கல் கட்டடமும் பக்கத்துக் கோபுரமும்தான் அது என்று அங்கிருந்த வாட்ச்மேன் சொன்னார். "அதுக்குப் பேரு எலிவேட்டரு" என்றதும், லிஃப்ட்டில் ஏறலாம் என்று நீ தலைமுடியைச் சரிசெய்துகொண்டது இன்னும் கண்ணில் நிற்கிறது. ஏறியது கோதுமை மட்டும்தான். ரயிலில் வந்த மூட்டைகளைக் கீழே குழியில் கொட்டுவார்கள். பெல்ட்டில் கோத்த தகர வாளிகள் அள்ளி அள்ளி மேலே கொண்டுபோய்க் கோபுரத்துக்குள் கவிழ்க்கும். அடிக்கதவைத் திறந்தால் தேவையான அளவு இறங்கி அரைக்கப் போகும். முதலில் ஆயில் எஞ்சின், பிறகு கரண்ட், பிறகு பூட்டு. யார் கட்டியது, எந்த வருசம், ஏன் மூடினார்கள்?

"அதெல்லாம் யாருக்குத் தெரியும் பாப்பா. நான் வரும்போதே பூட்டித்தான் இருந்துச்சு."

மொத்தம் ஒன்றரைப் பக்கம். மீதி இரண்டரைக்கு என்ன செய்வது? தானியம் அளந்த இடத்தில் நாம் கதை அளந்தோம். வாளி அடைத்துக்கொண்டதென்று ஒரு சுமைதூக்கும் ஆள் கோபுரத்துக்குள் இறங்கினான். அது தெரியாமல் ஒருவன் அடிக்கதவைத் திறந்தான். கோதுமை உள்ளே இருந்தவனை இழுத்துக்கொண்டது. ஊர் வேண்டுமே என்று வத்திராயிருப்பை நான் போட்டேன். காதில் கடுக்கனை நீ போட்டாய், உன் தாத்தா போட்டோவைப் பார்த்து. அவ்வளவுதான். பத்து நிமிடத்தில் ஒரு மனிதனைப் பெற்று, வளர்த்து, கொன்றுவிட்டோம்.

கண்காட்சியில் நான் அழுது அழுது சொன்னேன். டீச்சரே மூக்கைத் துடைத்தார். யாரோ வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தார்கள். நாம் கழிவறைப் பக்கம் போய் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

பத்து நாள் கழித்து அவர் வந்தார். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர், வத்திராயிருப்புக்காரர். பள்ளிக்கூடச் சுவரில் தொங்கிய நம் சார்ட்டின் முன்னால் அணிவகுப்பில் நிற்பதுபோல் விறைப்பாக நின்றார். மீசை மட்டும் ஆடியது.

"அது எங்கய்யாதாம்மா. மில்லுக்கு மூட்ட தூக்கப் போறேன்னு போனவரு. எனக்கு அப்ப மூணு வயசு. வேற பொம்பளையோட ஓடிட்டான்னு ஊரே சிரிச்சிச்சு. எங்கம்மா மட்டும், அவிய வருவாகன்னு இத்தன வருசமாக் குங்குமத்த விடல. இந்த வீடியோவப் பாத்துட்டு முந்தாநாத்துதான் அழிச்சுச்சு."

நாம் இரண்டு பேரும் தரையைப் பார்த்தோம்.

"திதி குடுக்கணும். எந்த மாசம் செத்தாருன்னு ஒங்களுக்குத் தெரியுமாம்மா?"

நீ என் கையைக் கிள்ளினாய். 'ஒத்தே' என்று உன் வீட்டுத் தெலுங்கில் மெல்லத் தடுத்தாய். என் வாய் அதற்குள் பதில் சொல்லிவிட்டது: "ஆவணின்னு சொன்னாங்கய்யா."

அவர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

அன்று பஸ்ஸில் நீ என் பக்கம் திரும்பவே இல்லை. மடவார் வளாகம் கோயில் தாண்டும்போதுதான் வாயைத் திறந்தாய். "ஏட்டி, உசுரோட இருந்தார்னா? எங்கயோ உக்காந்து டீ குடிச்சிட்டு இருந்தார்னா?"

"இருந்தா இம்புட்டு வருசத்துல வந்திருக்க மாட்டாரா?"

"அது நமக்குத் தெரியாதுல்ல. சொல்லிருவோம்ட்டி."

"பரீட்ச முடியட்டும். இப்பச் சொன்னா டீச்சர் நம்மள மாவா அரைச்சிரும்."

நீ சிரிக்கவில்லை. பரீட்சை முடிந்தது. லீவு விட்டதும் போகலாம் என்றேன். லீவு விட்ட மூன்றாம் நாள் உனக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீ என்னைப் பார்த்து உதட்டை அசைத்தாய். தண்ணி கேட்கிறாய் என்றுதான் நர்ஸிடம் சொன்னேன். நீ கேட்டது தண்ணியா, வேறு ஏதாவதா என்று இப்போது நினைத்துப் பார்க்காத நாளில்லை.

உன் பென்சில் எழுத்தைப் பார்த்த மறுநாள் வத்திராயிருப்புக்கு பஸ் ஏறினேன். தனியாகத்தான். பட்டாளத்துக்காரர் வீட்டைக் கேட்டுப் போனேன். அவர் எனக்கு டீ கொடுத்தார். குடிக்காமல், நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

"அந்தக் கடுக்கன்?"

"அவ தாத்தா போட்டோல இருந்ததுய்யா."

"ஆவணி?"

"அது நான் சும்மா சொன்னது."

அடிப்பார் என்று காத்திருந்தேன். அடித்திருக்கலாம். "இந்த நாலஞ்சு மாசந்தான் எங்கய்யாவத் திட்டாம இருந்தேன்" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு தோப்புப் பக்கம் போய்விட்டார்.

உள்ளேயிருந்து அவர் அம்மா எட்டிப் பார்த்தார். எல்லாம் கேட்டிருந்தது. வெறும் நெற்றி. நடுவில் மட்டும், பல வருசக் குங்குமம் இருந்த இடம், மற்றத் தோலைவிட வெளுத்திருந்தது.

"அப்ப அவிய சாகலியா?"

"தெரியாது ஆச்சி. நாங்க சொன்னது பொய். அம்புட்டுத்தான் தெரியும்."

கை நெற்றியை நோக்கிப் போய், பாதியிலேயே இறங்கியது. "இப்ப நான் வைக்கவா, வேண்டாமா? நீயே சொல்லு."

எதற்கும் பதில் வைத்திருக்கும் இந்த வாய் மறுபடியும், 'தெரியாது ஆச்சி' என்றது. ஆச்சி என் தாடையை நிமிர்த்தினார்.

"தெரியாதுல்ல. அப்ப வெசாரி. இத்தன பேரு அழுவுற மாதிரிப் பேசத் தெரியுது, நாலு பேர்ட்டப் போயி வெசாரிக்கத் தெரியாதா?"

"பேரு சொல்லுங்க ஆச்சி."

வாசலைப் பார்த்தார். மகன் வரவில்லை. கல்யாணமான நாளிலிருந்து புருசன் பெயரை வாயால் சொன்னதே இல்லையாம். என் தலையைப் பிடித்துக் கீழே இழுத்து, காதுக்குள் அந்தப் பெயரைச் சொன்னார். சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டார். நாம் எழுதிய நாலு பக்கத்தில் அந்த ஆளுக்குப் பெயரே இல்லை, கவனித்தாயா?

நேற்று ராஜபாளையத்தில், அந்த மில்லில் மூட்டை தூக்கியவர் என்று வாட்ச்மேன் காட்டிய பெரியவரிடம் போய்ப் பெயரைச் சொல்லிக் கேட்டேன். அவர் வெகுநேரம் யோசித்துவிட்டு, ஞாபகமில்லை என்றார். 'இருந்திருக்கலாம்' என்றாவது சொல்ல மாட்டாரா என்று என் வாய் துடித்தது. அடக்கிக்கொண்டேன். ஞாபகமில்லை என்று சொன்னார் என்றுதான் ஆச்சியிடம் போய்ச் சொன்னேன், ஒரு சொல் கூட்டாமல். நெற்றி வெறுமையாகவே இருந்தது. "அடுத்த ஆளப் பாரு" என்றார்.

அடுத்த ஆள் மல்லி கிராமத்தில் இருக்கிறாராம். நாளைக் காலையில் போகிறேன்.