அரைப்பேர் அரையாள் அல்ல

அனுப்புபவர்:
மு. அழகையா பிள்ளை, வயது 69 வருடம் 2 மாதம்,
பதுளைக் கடைவீதி, தற்சமயம் ஆனைப்பாறைத் தோட்டம், கீழ்ப்பிரிவு, ஹாலிஎல வழி.

பெறுபவர்:
ஊவா மாகாண கவர்ன்மெண்டு ஏஜண்டுத் துரை அவர்கள், பதுளை.

பொருள்: கீழ்ப்பிரிவின் மரணக் கணக்கில் நேர்ந்த பிழையும், அதனால் பிரசவத்துக்கு வெளியேற முடியாதிருக்கும் என் மகளும்.

கனம் பொருந்திய ஐயா,

1. இவ்வருடம் மார்ச் 3, சனிக்கிழமை, தோட்டக்கடை நடத்தும் என் மருமகன் மாரிசாமி வீட்டிலிருந்து என் மகள் ஜெயலெட்சுமியைப் பிரசவத்துக்காகப் பதுளைக்கு அழைத்துச் செல்ல வந்தேன். மறுநாள் காலை எட்டு மணிக்குக் கீழ்ப்பிரிவு அடைக்கப்பட்டது; சீட்டின்றி யாரும் வெளியேறக் கூடாது. இன்றுடன் முப்பத்தெட்டு நாள். இரண்டு சட்டையுடன் வந்தவன்.

2. வருடத்தில் ஆயிரம் ஆட்களுக்கு ஐம்பதுக்கு மேல் மரணம் உள்ள பிரிவை அடைப்பது என்பது உத்தரவு. கீழ்ப்பிரிவுக்கு ஆயிரத்துக்கு நூறு என்று அனுப்பப்பட்டுள்ளது. அடியேன் 1889 முதல் 1911 வரை பதுளையில் ஆயுள் இன்சூரன்ஸ் ஏஜண்டு ஒருவரிடம் எழுத்தராக இருந்தவன். இறந்தவர்களை எந்தக் கூட்டத்திலிருந்து எண்ணினோமோ அந்தக் கூட்டம் முழுவதையும் கொண்டே வகுக்க வேண்டும் என்பது அங்கே முதல் பாடம். இங்கே அது செய்யப்படவில்லை.

3. தோட்டத்தில் 'பேர்' என்றால் ஆள் அல்ல. ஒரு நாள் வேலை. பாதி நாள் வேலை செய்தவருக்கு அரைப்பேர். ஜனவரியில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கிளாக்கர் தம்பையா இதை அறியாமல், பிப்ரவரியில் ஒரு நாள் செக்ரோல் என்னும் வேலைப் பதிவேட்டில் கண்ட முழுப்பேர் 61, அரைப்பேர் 58இன் பாதி 29 ஆகியவற்றைக் கூட்டித் தொண்ணூறு பேர் குடியிருப்பதாக எழுதிவிட்டார். பிப்ரவரி முடிய பன்னிரண்டு மாதத்தில் இறப்பு ஒன்பது. ஆகவே நூறு.

4. மார்ச் 11 அன்று தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளில் லயம் லயமாகச் சென்று அடியேனே எண்ணினேன். குழந்தை ஒன்று கூடைக்குள் ஒளிந்திருந்தபடியால் மறுநாளும் எண்ணினேன். வேலைக்குப் போகாதவர்களும் சேர்ந்து, என்னை நீக்கி 212 ஆட்கள். மரணம் ஆயிரத்துக்கு நாற்பத்திரண்டரைக்குச் சற்றுக் குறைவு. உத்தரவின்படி இப்பிரிவை அடைத்திருக்கவே கூடாது.

5. காய்ச்சல் கண்டவர் அரைப்பேர் வேலைதான் செய்கிறார். ஆகையால் கணக்கில் பாதி குறைகிறார். படுத்துவிட்டால் முழுதும் மறைகிறார். பெரியாயி என்ற மூதாட்டிக்கு ஒன்பது வருடமாகப் பேர் இல்லை. மார்ச் 22 அன்று இறந்தபோது முழு ஆளாக எழுதப்பட்டார். அம்மாத முடிவில் முழுப்பேர் 40, அரைப்பேர் 70, ஆக எழுபத்தைந்து, இறப்பு பத்து. இப்போது ஆயிரத்துக்கு நூற்று முப்பத்து மூன்றாம். நோய் கூடக்கூட ஜனம் குறைகிறது. ஜனம் குறையக்குறைய அடைப்பு நீள்கிறது. இதற்கு முடிவு எங்கே என்று எனக்குத் தெரியவில்லை.

6. தம்பையா நேர்மையானவர். பிழையைக் காட்டியதும் ஒப்புக்கொண்டார். ஆனால் "அனுப்பின கணக்கை நான் இனி மாத்த ஏலாது ஐயா, மேலிடம்தான் மாத்த வேணும்" என்கிறார். அவசரமுள்ளவர்களைச் சனிக்கிழமை காலை ஆட்கள் கூடும் பெரட்டில் செக்ரோலைப் பார்த்துப் பேர் கூப்பிட்டு, டிஸ்பென்சர் பரிசோதித்து, வெளிச்சீட்டு கொடுக்கிறார். கடைக்காரர் மனைவிக்குச் செக்ரோலில் பேர் ஏது? ஐந்து சனிக்கிழமை நின்று திரும்பினாள். கங்காணி வீரய்யா, "பேரு இல்லாத ஆளுக்கு நான் எங்கிட்டுப் போயி சீட்டு கேக்குறதுங்க? செத்தா மட்டும் ஒடனே எழுதிக்கிறாங்க" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

7. இங்கே ஆபத்தே இல்லை என்று அடியேன் எழுதவில்லை. அந்த ஒன்பது இறப்பில் நான்கு, ஒரு வயது நிரம்பாத சிசுக்கள். அதே பன்னிரண்டு மாதத்தில் பிறந்தவை ஏழு. ஆபத்து எல்லோர் மேலும் ஒரே அளவாகப் பரவியிருக்கவில்லை; பிரசவ அறையில் குவிந்திருக்கிறது. பதுளை ஆஸ்பத்திரியின் கணக்கு என்னிடம் இல்லாதபடியால் அதைப்பற்றி ஏதும் சொல்லேன். அங்கே டாக்டர் இருக்கிறார், இங்கே இல்லை. அந்த நான்கில் ஒன்று என் மகளுடையது. 1916 ஏப்ரல் 17 பிறந்து, பதினோராம் நாள் போயிற்று. அதற்கு முந்தியது 1914 நவம்பர் 9 பிறந்து ஆறு நாள் இருந்தது. இது மூன்றாவது. சித்திரை முதல் வாரம் என்கிறாள் மருத்துவச்சி.

8. ஆகையால் துரை அவர்கள் கீழ்ப்பிரிவை ஆள் ஆளாக எண்ணிப் பார்க்கக் கட்டளையிட வேண்டும். அதற்கு நாட்கள் செல்லுமாயின், ஜெயலெட்சுமி என்ற ஒருத்தியை மட்டும் டிஸ்பென்சர் பரிசோதித்து வெளியே விட உத்தரவாக வேண்டும். எனக்கு வெளிச்சீட்டு கேட்கவில்லை. கணக்குக்கு ஓர் ஆள் குறையுமென்று யாரேனும் தயங்கினால், அடியேன் இங்கேயே இருக்கிறேன்.

இம்மனு நாளைப் புதன்கிழமை அரிசி வண்டியில் வருகிறது. அடுத்த வண்டி 18ஆம் திகதி. அதில் ஒரு வரி வந்தாலும் போதும்; அதற்கடுத்த வண்டி எங்களுக்கு உதவாது.

ஆனைப்பாறை, கீழ்ப்பிரிவு
1917 ஏப்ரல் 10, செவ்வாய் (நள வருடம் பங்குனி 28)

இங்ஙனம் பணிவுடன்,
மு. அழகையா பிள்ளை
(பெரியாயி நீங்கலாக, என்னையும் சேர்த்து, இன்று இங்கே 212 ஆட்கள். வரவிருக்கும் பிள்ளையை இன்னும் எண்ணவில்லை.)