மூன்றாவது கையெழுத்து

ராபர்ட்சன்பேட்டை,
8.7.2024

அக்ஷயாவின் அம்மா ஷில்பாவுக்கு,

நலமா என்று கேட்கும் மனநிலையில் நான் இல்லை. உங்கள் ஃபோனைக் கம்பெனி வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள் என்பதால் இதை அக்ஷயா பையில் வைத்து அனுப்புகிறேன்.

நீங்களெல்லாம் வேலைக்குப் போக முதல் ரயிலுக்கு ஓடிய பிறகு பிள்ளைகள் பூட்டிய வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றுதானே ஏழாம் வகுப்பறையை ஆறரைக்கே திறந்தேன்? மூன்று வருஷம். ஒரு நாள் லீவு போட்டிருப்பேனா? இன்று பள்ளி நிர்வாகம் சாவியைப் பிடுங்கிக்கொண்டது. பிள்ளைகளை அடைத்து வைத்துச் சொந்த வேலை வாங்குகிறேனாம்! மனு எழுதியது ட்யூஷன் மனோகர். காசில்லாமல் நான் சொல்லிக் கொடுப்பதில் அவனுக்கு வயிற்றெரிச்சல், தெரிந்ததுதான். ஆனால் கீழே இருபத்தெட்டுப் பெற்றோர் கையெழுத்து. மூன்றாவது உங்களுடையது.

கையெழுத்துப் போட்டவர்களில் ஒருத்தி, உங்களோடு ரயிலில் வரும் மரியா, ஓடி வந்து அழுதாள். "ரயிலுக்கு இன்னொரு பெட்டி கேக்கற மனுன்னாங்க மிஸ். கூட்டத்துல நின்ன வாக்குல போட்டுட்டேன்." மற்றவர்களும் அதையே சொல்கிறார்கள். நீங்களும் அப்படித்தான் போட்டிருப்பீர்கள். வெள்ளிக்கிழமை விசாரணை. படிக்காமல் போட்டேன் என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள்.

பாக்யலட்சுமி


9.7.2024

மிஸ்ஸுக்கு வணக்கம்.

நான் படித்துவிட்டுத்தான் போட்டேன். பொய் என்று தெரிந்தேதான் போட்டேன்.

அக்ஷயா பெரியவளானது ஜூன் பதினெட்டு. எனக்குத் தெரிந்தது இருபத்தொன்று. மூன்று ராத்திரி என் பக்கத்தில்தான் படுத்திருந்தாள். "ஏன்டி சொல்லல?" என்றால், "மிஸ்தான் எல்லாம் சொல்லிக் குடுத்துட்டாங்களேமா. நீ டயர்டா இருந்த" என்கிறாள். வேண்டியதை வாங்கிக் கொடுத்தீர்கள், உளுந்தங்களிகூடச் செய்து கொண்டுவந்தீர்களாம். பெற்றவள் நான் கடைசியில் தெரிந்துகொள்கிறேன். என் வயிறு எப்படி எரிந்திருக்கும்?

அன்றைக்கு அவள் பையில் ஒரு கடிதம் வைக்க இடமில்லையா மிஸ்?

ஷில்பா


10.7.2024

ஷில்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கிழித்துப் போடத்தான் நினைத்தேன். இன்று காலை முப்பத்தொரு பிள்ளைகள் பூட்டிய கேட்டுக்கு வெளியே. "இன்னா மிஸ், தொறக்க மாட்டீங்களா?" என்று கேட்டார்கள். தெருவில் நின்றே கணக்குச் சொல்லிக் கொடுத்தேன். கோபமென்றால் என் வீட்டுக்கு வந்து நாலு பேர் பார்க்கத் திட்டியிருக்கலாம். அந்தப் பிள்ளைகள் உங்களுக்கு என்ன பாவம் செய்தார்கள்?

"அம்மாகிட்ட நானே சொல்றேன் மிஸ்" என்றாள் அக்ஷயா. அதைச் சாக்காக வைத்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், என்னிடம் முதலில் சொன்னாளே என்று எனக்குப் பெருமையாக இருந்தது. அது தப்பு. மன்னித்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை என்ன சொல்வதென்பது உங்கள் இஷ்டம்.

பாக்யலட்சுமி


13.7.2024

மிஸ்ஸுக்கு,

நேற்று விசாரணையில் உங்களை வெளியே உட்கார வைத்துவிட்டார்கள், அதனால் எழுதுகிறேன். பொய்யென்று தெரிந்தே கையெழுத்துப் போட்டேன் என்றேன். "அப்படி என்னம்மா கோபம்?" என்று கேட்டார்கள். அது எனக்கும் மிஸ்ஸுக்கும் நடுவில் இருப்பது என்று சொல்லிவிட்டேன். மனோகர் எகிறினான். "இன்னாமா, ரயில்ல ஒரு பேச்சு, இங்க ஒரு பேச்சா?" என்றான். "வாய மூடு. பெட்டி வாங்கித் தரேன்னு எத்தினி பேர ஏமாத்தின?" என்று கேட்டேன். மனுவைத் தள்ளிவிட்டார்கள். திங்கட்கிழமை சாவி உங்கள் கைக்கு வரும்.

கதவைத் திறந்து வையுங்கள். எல்லாப் பிள்ளைகளும் வரும், அக்ஷயா வரமாட்டாள். சூப்பர்வைசரிடம் கெஞ்சி மதிய ஷிஃப்ட் வாங்கியிருக்கிறேன். ராத்திரி நான் வரும்வரை அவள் அப்பா இருக்கிறார். காலையில் அவளுக்குத் தலை பின்ன நான் இருப்பேன்.

என் கோபம் இன்னும் போகவில்லை மிஸ். நீங்கள் நல்லவர்தான், அதனால்தான் போகமாட்டேன் என்கிறது. பள்ளி மணி ஒன்பதரைக்கு. அப்போது அவளை அனுப்புகிறேன். அதற்கு முன்னால் ஒரு நிமிஷம்கூடத் தர மாட்டேன்.

ஷில்பா