உங்கள் வீட்டுத் தேத்தண்ணி

அக்கா,

நேற்று கோத்தகிரி பஸ்ஸில் முன்சீட்டுப் பெண்கள் இரண்டு பேர் மல்லுக்கு நின்றார்கள். டிவி தொடரில் வருகிற ஒருத்தி, புருஷன் வெளியூரில் இருக்கும்போது இன்னொருவனோடு ஓயாமல் போனில் பேசுகிறாளாம். "தொட்டாத்தானுங்க தப்பு" என்றாள் ஒருத்தி. "மனசு போனாலே போச்சுங்க" என்றாள் மற்றவள். நீங்கள் என்ன சொல்லப் போகிறீர்களோ என்று என்னை அறியாமல் பக்கத்து சீட்டைத் திரும்பிப் பார்த்தேன். நீங்கள் இறந்துபோனதே ஒரு கணம் மறந்துவிட்டது.

நாம் பழகியது, சிலோனிலிருந்து கப்பலில் வந்த உங்களைப் போன்றவர்களுக்குத் தேயிலை எஸ்டேட்டில் வரிசை வீடு கொடுத்த காலத்தில். நான் மேட்டுப்பாளையத்திலிருந்து அந்த லைனுக்கு வாக்கப்பட்டு வந்தவள். லைனை நீங்கள் லயம் என்பீர்கள், டீயைத் தேத்தண்ணி என்பீர்கள். நாங்கள் கேலி செய்வோம். செய்துவிட்டு உங்கள் வீட்டிலேயே வாங்கிக் குடிப்போம்.

இலை எடை போடக் காத்து நிற்கும்போது வாரப் பத்திரிகைத் தொடர்கதையை நான் உரக்கப் படிப்பேன். கதையில் சரசுவின் புருஷன் கடல் கடந்து போனவன், ஒரு தகவலும் இல்லை. அவள் பக்கத்துத் தெரு தச்சனோடு வாழத் தொடங்கினாள். எங்களுக்குள் சண்டை மூண்டது. "அவன் இருக்கானா செத்தானான்னே தெரியாதுங்க. பாவம், அவ என்ன பண்ணுவா?" என்று பழனியம்மா மூக்கைச் சிந்தினாள். நானும் அவள் கட்சிதான். நீங்கள் மட்டும் கூடையைக்கூட இறக்காமல் சொன்னீர்கள்: "தாலி கட்டுனவன் சாகல. அப்ப அது சோரந்தான். வேற பேரு வைக்காதீங்க."

எனக்கு வந்ததே கோபம்! உங்களுக்கென்ன, கட்டின மனுஷன் பக்கத்து ஃபேக்டரியில் வேலை பார்க்கிறார், சாயங்காலமானால் விறகு பிளந்து கொடுக்கிறார், பேசமாட்டீர்களா என்று முகத்துக்கு நேராகவே கேட்டேன். நீங்கள் கூடையோடு தராசுப் பக்கம் நகர்ந்தீர்கள்.

கதை முடிவதற்குள் ஒருவர் தகரப்பெட்டியோடு பஸ்ஸிலிருந்து இறங்கி, உங்கள் பெயரைச் சொல்லி விசாரித்து வந்தார். உங்கள் புருஷன் என்றார். கல்யாணத்துக்கு முன்பே உங்கள் அப்பா குடும்பத்தோடு இந்தியக் குடியுரிமைக்கு எழுதிக் கொடுத்திருந்தாராம். வந்தவர் வீட்டில் சிலோனிலேயே இருக்க எழுதிக் கொடுத்தார்களாம். உங்களுக்குக் கப்பல், அவருக்கு அந்தக் கரை. லைனே உங்கள் வாசலில் கூடிவிட்டது. விறகு பிளந்து கொடுக்கிறவர் சுவரோரம் நின்றார்.

"இவருதான் என்னைக் கட்டுனவரு. உசிரோட இருக்காருன்னு எனக்குத் தெரியும். நான் செஞ்சது தப்புதான்" என்றீர்கள். பிறகு வந்தவரைப் பார்த்து, "ஆனா இந்த மனுசன விட்டுட்டு நான் வரமாட்டேன்" என்றீர்கள். அழவில்லை. சாக்குச் சொல்லவில்லை. சரசுவை அடித்த அதே சொல்லைத்தான் உங்கள் தலையிலும் போட்டுக்கொண்டீர்கள். ஒரு பெண் இப்படியும் பேசுவாளா என்று உங்களையே பார்த்தேன். அவருக்கும் தேத்தண்ணி கொடுத்தீர்கள். குடித்துவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்.

அதைவிடப் பெரிய அதிர்ச்சி மறுநாள். சரசுவுக்காக அழுத பழனியம்மா உங்கள் வாசலைக் கடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளைப் பார்த்து மற்றவர்களும். உங்கள் வீட்டில் யாரும் டம்ளரைத் தொடவில்லை. "சரசுவுக்கு ஒரு நியாயம், அக்காவுக்கு ஒரு நியாயமா?" என்று அவளைப் பிடித்துக் கேட்டேன்.

"அது கதைங்க. இது நம்ம லைனு" என்றாள்.

நான் நேரே உங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். "நீயும் தப்புன்னு நெனைக்கிறியா தங்கச்சி?" என்று கேட்டீர்கள். "தெரியலீங்க அக்கா" என்றேன். டம்ளரை என் பக்கம் நகர்த்தி, "தெரியாட்டிப் பரவாயில்ல. ஆறிப்போகும், குடி" என்றீர்கள்.

நேற்று அந்தப் பெண்களில் ஒருத்தி என் பக்கம் திரும்பினாள். "ஏனுங்கம்மா, நீங்களே சொல்லுங்க. அவ பண்றது தப்பா, இல்லீங்களா?"

"தப்புதான் கண்ணு. ஆனா அவ ஊட்டுக்குப் போனா தேத்தண்ணி வாங்கிக் குடிப்பேன்."

"அதென்னங்க தேத்தண்ணி?" என்று இருவரும் சிரித்தார்கள். நான் மறுபடி பக்கத்து சீட்டைத் திரும்பிப் பார்த்தேன்.