முள் ஏறாத மீட்டர்

அன்பு மகள் டயானாவுக்கு, திண்டிவனம் தொடங்கி தேவலோகம் வரை பேர்பெற்ற மகா மெக்கானிக் உன் சித்தப்பா சூசைமுத்து ஆசீர்வாதத்துடன் எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் நலம், அயர்லாந்துக் குளிரில் நீயும் நலமாயிருக்க அந்த மாதாவை வேண்டுகிறோம். உன் அப்பாவைப் பற்றி அந்த வரியில் எழுதவில்லை என்று கவனித்திருப்பாய். போனில் பேசினால் அண்ணன் பக்கத்துக் கட்டிலிலேயே காதைத் தீட்டிக்கொண்டு கிடக்கிறார், அதனால்தான் பேப்பரில் எழுதிப் போட்டோ பிடித்து அனுப்புகிறேன்.

போன மாதம் விழுப்புரத்துக்கு டயாலிசிசுக்குப் போகும்போது விக்கிரவாண்டி தாண்டி நம் டர்போ வண்டி ஆயில் லைட்டைக் காட்டிவிட்டு நின்றது. வெயில் என்றால் வெயில், மேலே பறந்த காக்கா பொரியலாகிக் கீழே விழுந்தது. அன்று டயாலிசிஸ் மிஷினில் படுப்பது தவறிப்போனது. வீட்டுக்கு வந்ததும் உன் அப்பா, இனிமே நான் போவமாட்டேன்டா சூசை, ரோட்டோரம் நாய் மாரி கெடக்கறதுக்கு வூட்டுலயே கண்ண மூடிக்கிறேன் என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். அம்மா கெஞ்சினாள், பங்குச் சாமியார் வந்து கெஞ்சினார், மனிதர் அசையவில்லை. ஆயில் பம்பை மாற்றினேன், அதற்கும் அசையவில்லை. நீ நர்ஸ், மிஷினுக்குப் போகாவிட்டால் என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்போதுதான் என் மாபெரும் மூளை வேலை செய்தது. லைட்டை நம்ப வேண்டாம், எண்ணெய் அழுத்தம் காட்டுகிற மீட்டர் ஒன்று டேஷ்போர்டில் வைக்கிறேன், எஞ்சினிலிருந்து அதற்கு ஒரு மெல்லிய குழாய் இழுத்தால் போதும் என்றேன். முப்பது வருஷம் மெக்கானிக்காக இருந்த மனுஷன் ஆச்சே, மெல்லத் தலையைத் திருப்பினார். நான் வேண்டுமென்றே குழாயை, எஞ்சினில் நெருப்பாய்க் கொதிக்கிற டர்போ தலைமேல் கொண்டுபோனேன். நாற்காலியைப் போடச் சொல்லி உட்கார்ந்து பார்த்தவர், இன்னாடா இது, நெருப்பு மேலயே எண்ணெயக் கொண்டுக்கினு போறே, என்னைய வண்டியோட கொளுத்திட்டு கல்லறைச் செலவ மிச்சம் பண்றியா என்று கத்தினார். அந்தத் திட்டு எனக்குத் தேவகானம். சரி, குழாயை எட்டத் தள்ளிவிட்டேன், ஓட்டிப் பார்த்தால்தானே தெரியும், ஏறுங்கண்ணே என்றேன். அந்த ஓட்டம் நேரே விழுப்புரம் ஆஸ்பத்திரி வாசலில்தான் நின்றது. அடுத்த தடவை, குழாய் உள்ளே நுழைகிற தகர ஓட்டைக்கு ரப்பர் வளையம் போடாமல் விட்டேன். தகரம் அறுத்துடும்டா மடையா என்றார். அதற்கடுத்து விறைப்பாக இழுத்துக் கட்டினேன். அதற்கு அவர், அந்த நர்ஸம்மா என் கையில டியூப எப்படிக் கட்டுது பாத்தியா, கைய ஆட்டுனா இழுக்காம ஒரு வளையம் வுட்டு ஒட்டுது, எஞ்சினும் ஆடும்டா, அந்த மாரி வுடு என்றார். இப்படி ஒவ்வொரு தப்புக்கும் ஒரு டயாலிசிஸ் வாங்கினேன் மகளே. உலகத்தில் எந்த டாக்டரும் எழுதித் தராத வைத்தியம்.

போன செவ்வாய் திரும்பி வரும்போது கண்ணை மூடிக்கொண்டே பேசினார். நீ வேணும்னே தப்புப் பண்றேன்னு மொத நாளே எனக்குத் தெரியும்டா, பாவம், நீ படற பாட்டுக்காகத்தான் வந்தேன், ஒடம்பு தாங்கல, போதும், நாளைக்குச் சரியாக் கட்டிடு என்றார். வண்டியை ஓரங்கட்டிவிட்டு ரேடியேட்டர் பார்ப்பதுபோல் பானெட்டுக்குப் பின்னால் நின்றேன். ஊரில் அன்று மழை இல்லை, என் சட்டை மட்டும் நனைந்தது. மறுபடி ஏறினதும், டயானாகிட்ட சொல்லாத, அதுக்கு லீவு கெடைக்காது என்றார். கொஞ்ச தூரம் போனதும், அது வந்தா ஏர்போர்ட்டுக்கு நானே இந்த வண்டியில போவணும், முள்ளு ஆடாம நிக்கிறத அது பாக்கணும் என்றார். இந்த இரண்டில் எதைக் கேட்பது நீயே சொல். நான் ஆயுசு பூராவும் அவர் சொன்னதைக் கேட்காதவன், அதனால் முதலாவதைக் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் மிஷினுக்குப் போகவில்லை. கால் வீங்கிக்கொண்டு வருகிறது. அம்மா ராத்திரியில் தூங்குவதில்லை. நீ கூப்பிட்டால் வருவார் என்று அவள் நம்புகிறாள், எனக்கும் வேறு தந்திரம் மிச்சமில்லை. குழாயை அவர் சொன்னபடியே டர்போவை விட்டுத் தள்ளி, ரப்பர் போட்டு, வளையம் விட்டுக் கட்டிவிட்டேன். மீட்டருக்குப் பின்னால் இருக்கிற கடைசி நட்டை மட்டும் விரலால் திருகி வைத்திருக்கிறேன், இறுக்கவில்லை. ஸ்பானர் தொலைந்துவிட்டது என்றேன். புளுகுறான் பாரு என்று சொல்லிச் சிரித்தார். அவர் சிரித்து எத்தனை நாளாயிற்று. வண்டி இன்னும் முடியவில்லை என்கிற வரைக்கும் அவரும் காத்திருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

மாதா உன்னைக் கைப்பிடித்துக் கொண்டுவந்து சேர்க்கட்டும். கிடைக்கிற பிளைட்டில் ஏறு, சாக்லேட் கீக்லேட் வாங்கிக்கொண்டு நிற்காதே. ஸ்பானர் அரிசிப் பானைக்குள் இருக்கிறது, வந்து நீ இறுக்கு.

இப்படிக்கு,
உன் புளுகுச் சித்தப்பா
சூசைமுத்து